கியர்பாக்ஸ் உடையவில்லை: மலாக்காவில் ஒரு பழைய பந்தயப் பாதை

இந்தப் பயணத்துக்குக் காரணம் கோபம். வேறு நல்ல காரணம் ஏதாவது சொல்லலாமா என்று யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சென்ற மார்ச்சில் ஒரு புதன்கிழமை, மலாக்கா நகரிலிருந்து புறப்பட்டு மாநிலத்தை ஒரு சுற்றுச் சுற்றி அன்று மாலையே திரும்பினேன். ஏறக்குறைய நூற்றெழுபது கிலோமீட்டர். எனக்கு வயது தொண்ணூறு. இதையெல்லாம் யார் தட்டச்சு செய்து கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டாம். நான் டைப்பிஸ்ட்டாக இருந்தவள், விரல்கள் இன்னும் ஓடும்.

கோபம் யார் மேல் என்று சொல்லிவிடுகிறேன். ஓர் இங்கிலாந்துக் கார் கம்பெனி. பெயரைச் சொல்லமாட்டேன். அவர்களிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள், என்னிடம் கொஞ்சம் பென்ஷன்தான் இருக்கிறது. அவர்களுடைய இணையதளத்தில் தங்கள் பந்தய அணியின் வரலாற்றை நீளமாக எழுதி வைத்திருக்கிறார்கள். போர் முடிந்த கையோடு தொழிற்சாலை முற்றத்தில் நான்கைந்து ஊழியர்கள் ஓய்வு நேரத்தில் பழைய கார் ஒன்றைப் பிரித்துப் பூட்டித் தொடங்கிய அணியாம். பிறகு ஐரோப்பாவின் பனிமலை, ஆப்பிரிக்காவின் சேறு, எங்கெங்கோ வாங்கிய கோப்பைகள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள், படிக்கத் தூக்கம் வரவில்லை.

அதில் மலாயாவுக்கு மூன்றே வாக்கியம். மலாக்காவில் எங்கள் ஏஜென்சி மூன்று கார்களை இறக்கியது என்று ஒன்று. இரண்டு கார்கள் நல்லபடியாக முடித்தன என்று ஒன்று. கடைசி வாக்கியம் இது: மூன்றாவது கார், உள்ளூர் ஓட்டுநர் கியரைத் தவறாகக் கையாண்டு உடைத்ததால், பாதி வழியில் விலகியது.

அந்த உள்ளூர் ஓட்டுநர் என் அண்ணன் மாணிக்கம். பக்கத்து இருக்கையில் கடிகாரத்தையும் பாதைத்தாளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். கார் விலகவில்லை. கியர்பாக்ஸ் உடையவில்லை. இதைக் கம்பெனிக்கு மின்னஞ்சலில் எழுதினேன். யாரோ ஒரு சின்னப் பெண் ரொம்ப மரியாதையாகப் பதில் போட்டாள், நடந்ததை விவரமாகச் சொன்னால் பரிசீலிப்பார்களாம். விவரம்தானே, தருகிறேன் என்று நினைத்தேன். ஆனால் எழுதும் முன் பாதையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அண்ணன் இப்போது இல்லை. இருந்தால் அவனே வண்டியை எடுத்திருப்பான், என்னையும் திட்டியிருப்பான்.

ஒரு நாள் வாடகைக்குக் குமரேசன் என்ற டிரைவரைப் பிடித்தேன். வாடகை முந்நூறு வெள்ளி, மலேசிய ரிங்கிட்டைத்தான் சொல்கிறேன், பெட்ரோல் தனி. நாற்பது வயதிருக்கும், முன்பு சிங்கப்பூருக்கு லாரி ஓட்டியவர். முதலில் என்னைப் பாட்டி என்று கூப்பிட்டார். அப்படிக் கூப்பிட்டால் பின் சீட்டுக்குப் போய்விடுவேன், பேச்சுத்துணை கிடைக்காது என்றேன். அதன் பிறகு ஆன்ட்டி ஆனேன். காலை ஏழே காலுக்குக் கிளம்பினோம். கிளம்பும்போதே அவருக்கு என் பாதையில் நம்பிக்கை இல்லை.

"ஆன்ட்டி, ஹைவேல ஏறுனா அரை மணி நேரத்துல அலோர் காஜா. எதுக்கு இப்படித் தெற்கால போயி மேல ஏறிச் சுத்தணும்?"

"சுத்துறதுக்குத்தான் காசு குடுக்குறேன்" என்றேன். சிரித்துவிட்டு வண்டியை மெர்லிமாவ் பக்கம் திருப்பினார்.

சுங்கை ரம்பாய் வரை நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கரையோரப் பழைய சாலையில் போங்கள், லாரிகள் அதிகம் என்றாலும் பார்க்க ஏதாவது இருக்கும். போகிற வழியில் அந்தப் பந்தயம் எப்படிப்பட்டது என்பதைக் குமரேசனுக்குச் சொன்னேன், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஐம்பதுகளின் நடுப்பகுதி. அது முந்திப் போகிற பந்தயம் அல்ல. ஒவ்வொரு ஊரிலும் ஒரு மேசை போட்டு அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருப்பார், அந்த மேசைக்குக் குறித்த நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். முந்தினாலும் புள்ளி போகும், பிந்தினாலும் போகும். அரை மணிக்கு மேல் பிந்தினால் ஆட்டத்தில் இல்லை. ஓட்டுநருக்குக் கால், பக்கத்தில் உட்கார்ந்தவருக்குக் கடிகாரம். அணிக் கோப்பை வேண்டுமென்றால் ஒரே கம்பெனியின் மூன்று கார்களும் முடித்தாக வேண்டும்.

முந்தைய வருடம் எங்கள் ஏஜென்சிக்கு இரண்டு கார்கள்தான், ஓட்டியவர்கள் இரண்டு வெள்ளைக்காரத் துரைகள். கோப்பை கையை விட்டுப் போனது. அதனால் அடுத்த வருடம் மூன்றாவது கார் தேவைப்பட்டது, ஓட்ட மூன்றாவது துரை கிடைக்கவில்லை. மாணிக்கம் அந்த ஒர்க்‌ஷாப்பில் பதினைந்து வயதில் சேர்ந்தவன். மூன்று கார்களையும் பந்தயத்துக்குத் தயார் செய்ததே அவன்தான். விரிப்பைக் கழற்றி எடை குறைத்து, அடியில் தகடு அடித்து, முன்னால் கூடுதல் விளக்கு பூட்டி, கியர்பாக்ஸைத் திறந்து மூடி எல்லாம் அவன் கை. அடக்கமான ஆள் என்று நினைக்க வேண்டாம். தலைக்கு எண்ணெய் வழிய வாரி, கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு, இந்த ஊரில் தன்னைவிட நன்றாக ஓட்டுகிறவன் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தான். அது உண்மை என்பதுதான் பிறருக்கு எரிச்சல். மேனேஜர் அவனை அழைத்து, மூன்றாவது காரைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் அடுத்த வருடத்திலிருந்து அணியின் நிரந்தர ஓட்டுநர் நீதான் என்று வாக்குக் கொடுத்தார். கார் கழுவிக்கொண்டே சாகப் போவதில்லை என்று அன்று வீட்டுக்கு வந்து குதித்தான். அதே ஏஜென்சியில் நான் டைப்பிஸ்ட். பாதைத்தாளைத் தட்டச்சு செய்ததே நான்தான் என்பதால் அண்ணன் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். ஒரு தமிழ்ப் பெண் பந்தயக் காரிலா என்று சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எட்டே காலுக்குச் சுங்கை ரம்பாய். ஜொகூர் எல்லையை ஒட்டிய சிறு ஊர், காலை உணவுக்கு நிறுத்த நல்ல இடம். ரொட்டி சானாயும் தேத்தண்ணியும் இரண்டு பேருக்கு ஒன்பது வெள்ளி சொச்சம். எங்கள் அப்பா இந்தப் பக்கத்துத் ரப்பர் தோட்டம் ஒன்றில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர். இப்போது ரப்பர் போய் அங்கே எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. முச்சந்தியைக் கண்டுபிடிக்கவே குமரேசன் இரண்டு முறை வண்டியைத் திருப்ப வேண்டியிருந்தது.

அந்த முச்சந்தியில்தான் அன்று தோட்டத்து ஆட்கள் காத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் பந்தயத்தில் நம் மண்டோர் மகன் கார் ஓட்டுகிறான் என்ற சேதி தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயம் முழுக்கப் பரவியிருந்தது. முதல் நாளே மாரியம்மன் கோவிலில் வேண்டிக்கொண்டு, காலையில் காருக்காகப் பொங்கல் வைத்துவிட்டார்கள். எங்கள் வண்டியை மறித்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னார்கள். மாணிக்கம் அந்தக் கட்டத்தில் மூன்று நிமிடம் மிச்சம் பிடித்து வைத்திருந்தான், அதைச் சந்தோஷமாகச் செலவழித்தான். கிளம்பும்போது பின் சீட்டில் ஒரு பெரிய தூக்குச்சட்டியை வைத்தார்கள். நிறையச் சக்கரைப்பொங்கல், நெய் மிதக்க. கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைக்குப் போதும். வழியில் சாப்பிடுங்கள், சாமிக்குப் படைத்தது, கீழே சிந்தாமல் கொண்டு போங்கள் என்றார்கள். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இங்கேதான் தப்பு நடந்தது. அது கடலோரத்துக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மலாயாவில் அப்போது வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று உணவுக் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். லயத்தைச் சுற்றி முள்வேலி, வாசலில் சோதனை. பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்க, போகிறவர்கள் ஒரு கைப்பிடிச் சோறு கொண்டுபோனாலும் கேஸ். ஆனால் மலாக்காவின் கடலோரப் பகுதிக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை முன்னதாகவே எடுத்துவிட்டார்கள். வெள்ளைப் பகுதி என்று பெயர். உள்ளே தள்ளி இருந்ததெல்லாம் கறுப்புப் பகுதி. சோற்றைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டில் நடக்கும் சுதந்திரம் மனிதர்களுக்குச் சீக்கிரம் பழகிவிடும். தோட்டத்து ஆட்களும் மறந்தார்கள், நாங்களும் மறந்தோம். எங்கள் பாதைத்தாளில் ஜாசினுக்கு அப்பால் சோதனைச்சாவடி என்று என் கையாலேயே தட்டச்சு செய்திருந்தேன். அதைப் படித்தபோது என் மனதில் வந்தது வண்டி நிற்க வேண்டிய நிமிடம்தான், பின் சீட்டுச் சட்டி அல்ல.

சுங்கை ரம்பாயிலிருந்து ஜாசின் இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். குமரேசன் முக்கால் மணி எடுத்துக்கொண்டார், நடுவில் செம்பனைக்குலை ஏற்றிய லாரி ஒன்று வழிவிடவில்லை. ஜாசினில் நிற்காமல் டுரியான் துங்கால் சாலையைப் பிடித்தோம். டுரியான் துங்காலுக்குக் கொஞ்சம் முன்னால், சாலை ஒரு மேட்டில் ஏறி வளைகிற இடத்தில், நிறுத்தச் சொன்னேன். சாவடி இருந்தது அங்கேதான். முள்கம்பி சுற்றிய கட்டையும் மணல்மூட்டையும் இருந்த இடத்தில் இப்போது மடக்கு மேசை போட்டு ஒரு மலாய்க்காரப் பெண்மணி நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, விற்கிறார். பல்கலைக்கழகப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் வந்து வாங்கிக்கொண்டு பறக்கிறார்கள். இங்கே ஒரு காலத்தில் போலீஸ் கேட் இருந்ததே தெரியுமா என்று அவரிடம் கேட்டேன். தான் பன்னிரண்டு வருடமாக இங்கே விற்பதாகவும், கேட் எதுவும் பார்த்ததில்லை என்றும் சொன்னார். பொட்டலம் இரண்டரை வெள்ளி. மூன்று வாங்கினேன். ஒன்றைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு அந்த வளைவைத் தாண்டினேன், யாரும் நிறுத்தவில்லை. குமரேசன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

அன்று எங்களுக்கு முன்னால் போன அணியின் இரண்டு கார்களையும் சாவடியில் கையசைத்து அனுப்பினார்கள். அந்தத் துரைகள் கூடையில் சாண்ட்விச்சும் அவித்த முட்டையும் வைத்திருந்ததை நான் காலையில் பார்த்திருந்தேன். எங்கள் கார் வந்தது, உள்ளே இருந்த இரண்டு முகத்தையும் பார்த்தார்கள், கட்டையை இறக்கினார்கள். பின் கதவைத் திறந்ததும் நெய்வாசம் முகத்தில் அடித்தது. போலீஸ் அதிகாரி இளவயது வெள்ளைக்காரர், மாணிக்கத்தைவிடச் சின்னவர். சட்டப்படி இது பிடித்து அடைக்க வேண்டிய குற்றம் என்றார். பந்தயக் கார் என்பதால் ஒரு சலுகை தருவதாகவும், பக்கத்தில் இருந்த குழியைக் காட்டி, அதில் கொட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம் என்றும் சொன்னார். பிடிபட்ட அரிசியை மண்ணெண்ணெய் ஊற்றிப் போடுகிற குழி அது.

மாணிக்கம் காரை விட்டு இறங்கினான். படைத்த சோற்றைக் குழியில் கொட்ட மாட்டேன் என்று ஒர்க்‌ஷாப் ஆங்கிலத்தில் சொன்னான். கேட்டைத் தாண்டிக் கொண்டுபோனால்தானே கேஸ், இந்தப் பக்கமே உட்கார்ந்து சாப்பிட்டால் கேஸா என்று கேட்டான். அதிகாரி யோசித்தார். அப்படிச் சட்டம் எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் இவ்வளவையும் சாப்பிட்டு முடிப்பதற்குள் பந்தயம் போய்விடும், தெரிகிறதா என்று தன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். கடிகாரத்தைப் பார்த்ததும் நாங்கள் கொட்டிவிடுவோம் என்று நினைத்திருப்பார்.

அந்த நேரத்தில் தோட்டத்து லாரி ஒன்று சோதனைக்காக ஓரமாக நின்றிருந்தது. ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் போகிற பால்மரம் வெட்டும் ஆட்கள், இருபது பேருக்கு மேல், பாதிப்பேர் பெண்கள். ஒவ்வொருவராக இறக்கி மடியையும் பால்வாளியையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாணிக்கம் சட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக அவர்களிடம் போனான். பிரசாதம், சாப்பிட வாங்க என்று கூப்பிட்டான். அவர்கள் அதிகாரியைப் பார்த்தார்கள், அவர் வேறு பக்கம் பார்த்தார். முதலில் வந்த பெண் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நீட்டாமல் நின்றாள்.

"விடியுமுன்ன வெறும் வயித்தோட கேட்டத் தாண்டுனோம் தம்பி. இனி வேலை முடிச்சு வீட்டுக்குப் போயித்தான் சோறு. நெசமா சாப்பிடலாமா?"

மாணிக்கம் அவள் கையைப் பிடித்து இழுத்து ஒரு பிடி வைத்தான்.

தேக்கிலை போல் அகலமான ஏதோ ஒரு இலையை ஒருவர் பறித்து வந்தார், மற்றவர்கள் கையிலேயே வாங்கிக்கொண்டார்கள். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். காவலுக்கு நின்ற மலாய்க்காரப் போலீஸ், மாத்தா-மாத்தா என்போம், ஒருவர் தனக்கு வேண்டாம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லிவிட்டு, கை கழுவத் தன் தண்ணீர்க்குடுவையைக் கொடுத்தார். என் மடியில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு பேர் லாரியிலிருந்து இறங்கினார்கள், அவர்களுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர். பத்து நிமிடத்தில் எழுந்திருந்தால்கூடப் பந்தயத்தைக் காப்பாற்றியிருக்கலாம். அடுத்த வருடத்து இருக்கை, அவன் வாழ்நாள் கனவு, எல்லாம் அந்தச் சட்டியின் அடியில் கிடந்தது. அவன் காதருகே போய் நேரம் போகிறது என்று சொன்னேன்.

"சட்டி காலியாகட்டும் தனம். பாதியில எந்திரிச்சுப் போனா அவங்களுக்கு என்ன மரியாதை?"

முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் சட்டியை வழித்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தான். அவள் வழித்ததைச் சாப்பிட்டு, வெறும் சட்டியைக் கவிழ்த்து அதிகாரியிடம் காட்டினாள். கட்டையைத் தூக்கினார்கள்.

டுரியான் துங்கால் மேசையில் இருந்த அதிகாரி, நேரம் குறிக்க நாங்கள் நீட்டிய பந்தய அட்டையை வாங்கவே இல்லை. அரை மணி தாண்டிவிட்டது, நீங்கள் ஆட்டத்தில் இல்லை, குறுக்கு வழியில் வீட்டுக்குப் போங்கள் என்றார். நான் பாதைத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, முடிந்தது அண்ணே என்றேன்.

"யாரு சொன்னா? ரோடு முடியலையே. தாளை எடு."

எடுத்தேன். அலோர் காஜாவுக்கு எந்த நிமிடம் என்று சத்தமாகப் படித்தேன். அன்று அவன் ஓட்டியதைப் போல் யாரும் ஓட்டி நான் பார்த்ததில்லை. அந்தக் காலத்து மண்சாலையில், வளைவுக்கு வளைவு, கியரை இறக்கி ஏற்றி, ஒரு முறைகூடப் பல் கடிக்கிற சத்தம் இல்லாமல் ஓட்டினான். கணக்கில் இல்லாத ஒவ்வொரு நிமிடத்தையும் மீட்கப் பார்த்தான். அலோர் காஜாவில் மேசையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கோலா சுங்கை பாருவில் மேசையே இல்லை. கடற்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர், கார்கள் எப்போதோ போய்விட்டன என்று சொன்னார். மாணிக்கம் மேசை இருந்திருக்க வேண்டிய இடத்தில் வண்டியை நிறுத்தினான். நான் நேரத்தைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு மறுபடி கிளப்பினான்.

இன்று டுரியான் துங்காலில் அணைக்கட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள், காலை பத்து மணிக்கு முன்னால் என்றால் வெயில் தாங்கும். அங்கிருந்து அலோர் காஜா இருபது நிமிடம். மஸ்ஜிட் தானா வழியாகக் கோலா சுங்கை பாரு இன்னும் முக்கால் மணி. மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். சுட்ட மீனும் சோறும் கங்குங் கீரையும் இரண்டு பேருக்கு முப்பத்தெட்டு வெள்ளி, மீன் காலையில் வந்தது. அதற்குள் குமரேசன் முழுக்கதையையும் கேட்டுவிட்டார், அல்லது நான் அதுவரை சொன்னதை. முள்ளை எடுத்துக்கொண்டே, அப்ப கார் கடைசி வரைக்கும் ஓடிச்சா ஆன்ட்டி என்றார். ஓடியது என்றேன். அப்புறம் எதுக்கு ஒடைஞ்சதுன்னு எழுதுனான் என்று கேட்டார். அதைச் சொல்ல மலாக்கா வரை போக வேண்டியிருந்தது.

மூன்றரைக்கு நகரத்துக்கு வந்து சேர்ந்தோம். பந்தயம் முடிந்த திடலும் அதை ஒட்டிய கிளப்பும் அன்று கடலைப் பார்த்தபடி இருந்தன. இப்போது கடலைத் தூர்த்துக் கடைகளும் கார் நிறுத்துமிடமும் கட்டிவிட்டார்கள், கடல் எங்கோ தள்ளிப் போய்விட்டது. கார் நிறுத்த மணிக்கணக்கில் காசு, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அன்று வந்தபோது முடிவுக்கோட்டின் மேல் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்திருந்தார்கள். மாலையில் கிளப் வராந்தாவில் விருந்து. ஒர்க்‌ஷாப் ஆட்கள் புல்வெளியின் ஓரத்தில் நிற்கலாம் என்று அனுமதி. மேனேஜர் எழுந்து பேசினார். நடந்தது முழுவதும் அவருக்குத் தெரியும், அண்ணனே போய்ச் சொல்லியிருந்தான். ஆனால் ஏஜென்சி போலீசுக்கும் அரசாங்கத்துக்கும் கார் விற்கிற இடம். எங்கள் அணிக் காரைச் சோற்றோடு சாவடியில் நிறுத்தினார்கள் என்று எப்படிச் சொல்வார்? கார் உடைந்தது என்றாலும் கம்பெனிக்குக் கெட்ட பெயர். அதனால் நடுவில் ஒன்றைக் கண்டுபிடித்தார். உள்ளூர் ஓட்டுநருக்குக் கியர் போடத் தெரியவில்லை, கியர்பாக்ஸை உடைத்துவிட்டார், அதனால் கோப்பை இந்த வருடமும் கிடைக்கவில்லை என்றார். மேசைகளில் சிரிப்பு. யாரோ, வேறென்ன எதிர்பார்த்தீர்கள் என்றது எங்கள் வரைக்கும் கேட்டது.

மாணிக்கம் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரினான். பிறகு காரை நோக்கி நடந்தான். நானும் போய் என் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். போக வேண்டாம் என்று யாரோ என் கையைப் பிடித்தார்கள், உதறினேன். பந்தய அட்டையில் இரண்டு பேர் பெயர் இருந்தது.

காரைப் புல்வெளிக்குள் ஏற்றி, வராந்தா விளக்குகளுக்கு நேர் எதிரே கொண்டுவந்தான். மெதுவாக, எல்லோருக்கும் கேட்கும்படி, முதல் கியரைப் போட்டான். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஒன்று என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர்களுக்குப் புரிய வேண்டும் அல்லவா. புல்வெளியைச் சுற்றத் தொடங்கினோம். இரண்டு என்றேன். மூன்று என்றேன். திடல் பக்கம் திரும்பி நான்காவதில் ஓடவிட்டு, மறுபடி வராந்தா முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். அதற்குள் சமையற்கட்டு ஆட்கள் எல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். மேனேஜர் நின்றுகொண்டிருந்தார், உட்காரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

கடைசியாக ரிவர்ஸ் போட்டான். நான் அதையும் சொன்னேன். புல்வெளி முழுவதையும், ஒரு பூந்தொட்டியைக்கூடத் தொடாமல், பின்பக்கமாகவே ஒரு முழுச் சுற்றுச் சுற்றினான். பிறகு எஞ்சினை அணைத்து, இறங்கிப் போய், சாவியை மேனேஜரின் சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தான். நாங்கள் வெளியே நடந்து போனபோது யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை எங்கள் இருவருக்கும் வேலை இல்லை. மாணிக்கம் பிறகு பஸ் ஓட்டினான், கடைசி வரை பஸ்தான். பந்தயக் காரில் மறுபடி அவன் உட்காரவே இல்லை. அது அவனுக்கு வலிக்கவில்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். மற்றவர்கள் கார் பந்தயம் பேசினால் எழுந்து வெளியே போய்விடுவான். ஆனால் அந்தச் சோற்றைப் பற்றி ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. எனக்கும் இல்லை. இன்றைக்கு அதே கேட்டில் அதே சட்டியோடு நிறுத்தினாலும் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன்.

இதே பாதையில் போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. ஒரு நாள் போதும், ஆனால் வார இறுதியில் போக வேண்டாம், மலாக்கா நகருக்குள் திரும்பி நுழைவதற்கே தனியாக ஒரு மணி நேரம் போய்விடும். சுங்கை ரம்பாயில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். வாடகைக்கார் எடுத்தால் முழு நாளுக்கும் பேசுங்கள், மணிக்கணக்கு கட்டாது. பாதையை ஜி.பி.எஸ்ஸிடம் விடாதீர்கள், அது உங்களை ஹைவேயில் ஏற்றிவிடும். எனக்கு வாடகை, பெட்ரோல், சாப்பாடு எல்லாம் சேர்த்து நானூறு வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே ஆனது. இறங்கும்போது குமரேசன் பேசிய வாடகையில் ஐம்பதைத் திருப்பிக் கொடுத்தார். நான் வாங்கவில்லை, அவரும் விடவில்லை, வாசலில் நின்று கொஞ்ச நேரம் சண்டை போட்டோம்.

அன்று இரவே கம்பெனிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அந்தப் பெண் ஒரு வாரத்தில் பதில் போட்டாள். மிகவும் நெகிழ்ந்துவிட்டாளாம். கியர்பாக்ஸ் என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, மூன்றாவது கார் தாமதத்தால் பந்தயத்தை முடிக்க இயலவில்லை என்று மாற்றிவிடலாமா என்று கேட்டாள். நல்ல பெண். வேண்டாம் என்று எழுதினேன். முடித்தோம். யாரும் பார்க்காதது எங்கள் குற்றமல்ல. போட விரும்பினால் இப்படிப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்: மூன்றாவது காரை ஓட்டியவர் மாணிக்கம். வழியில் பசித்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு முழுப் பாதையையும் ஓட்டி முடித்தார்.

இன்னும் மாற்றவில்லை. நான் தினமும் காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன்.